நாவும் வாசலும்: பிரெஞ்சுப் புதுச்சேரியில் துபாசியும் மாமூலும்

புதுச்சேரி நகரின் வடபுறத்தில், நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்த முத்தியால்பேட்டைக்கு அப்பால், பழைய கோட்டை மதிலுக்கு வெளியே அமைந்த சிற்றூர்களுள் ஒன்று கருவடிக்குப்பம். தோப்புகளும் சுடுகாடும் சித்தர் ஒருவரின் சமாதியும் கொண்ட அவ்வூர் அரசியல் வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. எனினும் மதிலுக்கு வெளியே இருக்கும் ஊர் என்னும் அதன் நிலையே, மதிலுக்கு உள்ளே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல தொடக்கத்தைத் தருகிறது. ஏனெனில் பிரெஞ்சுக்காரரும் தமிழரும், இந்துக்களும் முகம்மதியரும் கிறிஸ்தவரும், ஏசு சபையினரும் கப்புச்சின் துறவிகளும் ஒரே நகரில் மோதியும் இணங்கியும் வாழ்ந்த அக்காலத்தில், குடிகளின் கையில் இருந்த பாதுகாப்புகள் இரண்டே: ஒன்று, தங்கள் சொல்லை ஆள்வோரின் காதுக்குப் பிழையின்றிக் கொண்டுசெல்லும் நாவு, மற்றொன்று, அச்சொல் எடுபடாதபோது நகரை விட்டு வெளியேறுவதற்குத் திறந்திருக்கும் வாசல். இவ்விரண்டும் இருந்தவரை பூசல்கள் தீர்ந்தன. ஒன்று அடைபட்டாலும் தீங்கு நேர்ந்தது.

நாவாகப் பணியாற்றியவர் துபாசி. இருமொழி வல்லவர் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து பிறந்த இப்பெயர் வெறும் மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறிக்கவில்லை. 1674-இல் பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியில் காலூன்றியது முதல், துணிக்கு முன்பணம் கொடுப்பது, நெசவாளரையும் வணிகரையும் பிரெஞ்சு வணிகக் கழகமான கும்பினியோடு இணைப்பது, உள்நாட்டு ஆட்சியாளரின் தூதுவர்களை வரவேற்பது, எந்த மரியாதை யாருக்கு எவ்வளவு செய்யப்பட வேண்டும் என்று ஆளுநருக்கு எடுத்துரைப்பது, சாதித் தலைவர்களின் முறையீடுகளைக் கேட்பது ஆகிய அனைத்தும் தலைமைத் துபாசியின் கடமைகளாயின. பிரெஞ்சு ஆவணங்கள் அவரைத் தரகர் என்றும் தமிழர் தலைவர் என்றும் ஒரே மூச்சில் குறிப்பிடுவதிலிருந்தே, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் அவர் ஒருங்கே தேவைப்பட்டமை விளங்கும். அக்காலத்தில் இரு தரப்பினரும் சந்தித்த மொழி பெரும்பாலும் பிரெஞ்சும் அன்று, தமிழும் அன்று; சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களில் முன்பே பரவியிருந்த போர்த்துக்கேய மொழியின் எளிய வடிவமே பேச்சுக்குப் பயன்பட்டது. இரு தரப்பினருக்கும் அயலான மூன்றாவது மொழியொன்றில்தான் வழக்கும் வாணிபமும் நடந்தன என்பதை மனத்தில் கொண்டால், துபாசியின் நாவில் எத்துணைப் பொறுப்பு தங்கியிருந்தது என்பது புலப்படும்.

நகரம் தன்னளவிலேயே இரண்டாகப் பிளந்திருந்தது. பெரிய வாய்க்காலின் கிழக்கே கடலை ஒட்டி வெள்ளையர் பகுதியும், மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன. தமிழர் பகுதியிலும் சாதிக்கொரு தெரு, மதத்துக்கொரு மூலை என்று பிரிவுகள் தொடர்ந்தன. வெள்ளையர் தரப்பும் ஒற்றைக் குரலில் பேசவில்லை. தமிழரிடையே மதம் பரப்பும் பொறுப்பைத் தங்களுக்குரியதாகக் கருதிய ஏசு சபையினருக்கும், கப்புச்சின் துறவிகளுக்கும் பாரிஸ் அயல்நாட்டு மறைபணிச் சபையினருக்கும் இடையே கடும் போட்டி நிலவியது. கும்பினி அதிகாரிகளுள் வாணிபத்தை முன்னிறுத்தியவர்கள் கோயில்களைத் தொட அஞ்சினர். மதத்தை முன்னிறுத்தியவர்கள் அவ்வச்சத்தைக் கோழைத்தனம் என்று பாரிசுக்கு எழுதினர்.

வாசல் என்னும் இரண்டாவது பாதுகாப்பின் வலிமை இப்பின்னணியில்தான் விளங்கும். கும்பினியின் செல்வம் நீலத்துணியிலும் வெள்ளைத்துணியிலும் இருந்தது. துணி நெசவாளரின் தறியில் இருந்தது. நெசவாளரோ ஒரு நாள் நடையில் வேறொரு ஆட்சியின் எல்லைக்குள் நுழைந்துவிடக் கூடியவர்கள். வடக்கே ஆங்கிலேயரின் சென்னையும் தெற்கே அவர்களுடைய கூடலூர்க் கோட்டையும் டேனியரின் தரங்கம்பாடியும் கைத்தொழிலாளரையும் வணிகரையும் வரவேற்கக் காத்திருந்தன. ஆகவே மார்த்தேன் ஆளுநராக இருந்த காலத்திலேயே, கோயில் வழிபாட்டில் கைவைக்க முயன்றபோது மக்கள் நகரை விட்டுச் செல்வதாக எழுந்து நின்றனர், ஆளுநரும் தணிந்தார். 1715-இல், துலிவியே ஆளுநராக இருந்தபோது, இந்துக்களின் வழிபாட்டுச் சடங்குகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதை எதிர்த்து நெசவாளரும் சாயமிடுவோரும் வணிகரும் பணியாளரும் வேலையை நிறுத்தி வெளியேறினர். ஆட்சி மன்றம் தன் ஆணையைத் தளர்த்த நேர்ந்தது. படைக்கலம் எடுக்காமல், நெருப்பு வைக்காமல், கதவைத் திறந்து நடந்தே வென்ற இப்போராட்டமுறை தமிழகத்துக் குடிகளிடம் முன்பே இருந்தது. கொடிய வரி விதித்த மன்னனின் நாட்டை விட்டுக் குடிபெயரும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

இந்த 1715-ஆம் ஆண்டு வெளியேற்றம்தான் புதுச்சேரி வரலாற்றின் மிகக் கசப்பான வழக்குக்கு வித்திட்டது. 1708-இல் தலைமைத் துபாசியாக அமர்த்தப்பட்ட நயினியப்ப பிள்ளை சென்னையிலிருந்து வந்தவர், இந்து, பெருஞ்செல்வர். அப்பதவியில் கிறிஸ்தவரே இருக்க வேண்டும் என்று ஏசு சபையினர் தொடர்ந்து வற்புறுத்தினர். அவரை அமர்த்திய ஆளுநர் எபேர், அவரில்லாமல் வாணிபம் நடவாது என்று முதலில் தடுத்தார். பின்னர்ப் பதவி இழந்து பாரிசுக்குச் சென்று 1715-இல் மீண்டும் அதிகாரத்தோடு திரும்பியபோது எபேரின் நிலைப்பாடு முற்றிலும் மாறியிருந்தது. 1716-இல் நயினியப்பர் கைது செய்யப்பட்டார். கொடுங்கோன்மை, கலகம் தூண்டியமை ஆகியவை அவர் மீது சாட்டப்பட்ட குற்றங்கள். முந்திய ஆண்டு வெளியேற்றத்தை முன்னின்று நடத்தியவர் அவரே என்பது அவற்றுள் முதன்மையானது.

மற்றொரு குற்றச்சாட்டு இக்கட்டுரையின் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அன்னமிட்ட நயினியப்பர் அவர்களுக்குச் செபமாலைகளையும் வழங்கினார். தமிழ்ச் சமூகத்தின் கண்ணோட்டத்தில், செல்வர் ஒருவர் அன்னதானம் செய்யும்போது பெறுவோரின் சமயத்துக்கு உகந்த பொருளைச் சேர்த்துக் கொடுப்பது வரிசை அறிந்த செயல். கோயிலுக்கு விளக்கும் பள்ளிவாசலுக்குப் போர்வையும் ஒரே கையால் கொடுத்த புரவலர்கள் இந்நாட்டில் பலர். ஏசு சபையினரின் கண்ணோட்டத்திலோ அச்செபமாலை புனிதப் பொருள். அதனைப் பிறசமயத்தார் ஒருவர் பகிர்ந்தளிப்பது தங்கள் மந்தையைத் தம் வசம் இழுக்கும் சூழ்ச்சி. ஒரே செயல், ஒரே நாள், ஒரே பொருள். ஆனால் இரு பண்பாடுகள் அதனை இரு வேறு செயல்களாகக் கண்டன. இத்தகைய வேளையில் இடையில் நின்று பொருள் விளக்க வேண்டியவர் துபாசி. குற்றவாளிக் கூண்டில் நின்றவரும் அதே துபாசி.

அவ்வழக்கின் பெருங்குறை விசாரணை நடந்த முறையில் இருந்தது. தமிழில் பேசிய சாட்சிகளின் சொற்கள் பிரெஞ்சு மொழியில் பதிவாயின. இடையில் மொழிபெயர்த்தவர் ஏசு சபையினரின் உபதேசியாரது குடும்பத்தைச் சேர்ந்தவர். தாங்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதே தங்களுக்குத் தெரியாது என்றும், அது தங்களுக்குப் படித்துக் காட்டப்படவில்லை என்றும் சாட்சிகள் பலர் பின்னாளில் முறையிட்டனர். கசையடியும் சிறையும் சொத்துப் பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட்ட நயினியப்பர் 1717-இல் சிறையிலேயே இறந்தார். எந்த நாவின் வழியே நகரம் நாற்பது ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்ததோ அந்த நாவைப் பகைத்தரப்பின் பொறுப்பில் ஒப்படைத்ததுதான் அவ்வழக்கில் நிகழ்ந்த அநீதியின் வேர். தீர்ப்பு எழுதியவரின் வஞ்சம் அதற்கு அடுத்ததே.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. ஏசு சபையினரைப் பகைத்த மறைபணிச் சபையினரும் சேன் மாலோ நகர வணிகரும் நயினியப்பரின் குடும்பத்துக்குத் துணை நின்றனர். மேல்முறையீடு கடல் கடந்தது. எபேர் 1718-இல் பதவியிழந்தார். இறந்தவரின் மீதான தீர்ப்பு 1720-இல் நீக்கப்பட்டது. நயினியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை தாமே பிரான்சுக்குச் சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்று, புனித மிக்கேல் விருதும் பெற்றுத் திரும்பி, 1722-இல் தந்தையின் பதவியில் அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தது அக்குடும்பத்தின் துயரம். அவருக்கு முன்னும் பின்னும் அப்பதவியில் இருந்த கிறிஸ்தவரான கனகராய முதலியார் 1746 வரை அதனை வகித்தார்.

கனகராயர் மறைந்தபின் மத வினா மீண்டும் எழுந்தது; அன்றைய ஆளுநர் டூப்ளேயின் மனைவி வேறொருவரை விரும்பினார். இருந்தும் பதவி ஈற்றில் நயினியப்பரின் உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளைக்கே வந்தது. 1709-இல் பெரம்பூரில் பிறந்து 1761 சனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைவதற்குச் சில நாட்களே இருந்தபோது மறைந்த அவர், 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு தமிழ் உரைநடைக்கும் வரலாற்றுக்கும் கிடைத்த பெரும்பேறு. கோன்சேல் எனப்பட்ட ஆட்சி மன்றத்தில் நடந்தவை, துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, ஆளுநரின் முகக்குறிப்பு, சாதித் தலைவர்களான மகாநாட்டாரின் புலம்பல் என யாவும் அதில் உண்டு. அவருடைய பெயர் தாங்கிய வீதியில் இன்றும் நிற்கும் மாளிகையின் கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழ் வீடாகவும், மேல்தளம் வெண்தூண்களுடன் பிரெஞ்சு வீடாகவும் அமைந்திருப்பது, அதில் வாழ்ந்தவரின் தொழிலை அருகிலிருந்து காண்பதற்கு ஒப்பாகும்.

அந்நாட்குறிப்பின் மிகத் துயரமான பக்கங்கள் 1748 செப்டம்பரைச் சேர்ந்தவை. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி போஸ்காவன் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், புனித பவுல் தேவாலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாக ஏசு சபையினர் வேண்டியும், அரசாணைகள் வந்தும், முந்திய ஆளுநர்கள் துணியாத செயல் அது. இது தமிழர் நாடு, கோயிலைத் தொட்டால் குடிகள் தங்க மாட்டார்கள் என்பதே அவர்களைத் தடுத்தது. மகாநாட்டார் ரங்கப்பிள்ளையிடம் ஓடி வந்தபோது, திருமேனிகளை வேறு கோயிலுக்கு எடுத்துச்செல்ல வழி தேடுவதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை; அவை காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதே நாட்களில் அருகிலிருந்த பள்ளிவாசலிலும் கை வைக்கப்பட்டது. சிப்பாய்களின் தலைவரான அப்துல் ரகுமான், பள்ளிவாசல் இடிந்தால் தம் வீரர் ஒருவரும் தங்கார் என்று ஆளுநரிடம் உரைத்தவுடன் வேலை நிறுத்தப்பட்டது. டூப்ளேயின் மனைவியின் சமயப் பற்றையே அக்கோயில் இடிப்புக்குக் காரணமாகக் காட்டுவோர் பலர். அது உண்மையின் ஒரு பகுதியே. அன்று முற்றுகையால் வாசல் அடைபட்டிருந்தது; நெசவாளரும் வணிகரும் வெளியேறுவோம் என்று மிரட்டும் நிலையில் இல்லை, பலர் போருக்கு அஞ்சி முன்பே வெளியேறியும் இருந்தனர்; வெளியேறுவோம் என்று சொல்லி அஞ்சவைக்கும் ஆற்றல் அன்று எஞ்சியிருந்தது சிப்பாய்களிடம் மட்டுமே. பள்ளிவாசல் தப்பியதும் கோயில் வீழ்ந்ததும் இவ்வேறுபாட்டால்தான் என்பதை அந்நாட்குறிப்பை ஊன்றிப் படிப்போர் உணரலாம். வேதபுரீசுவரருக்கு மீண்டும் ஒரு கோயில் எழப் பல ஆண்டுகள் ஆயின.

வேற்றுப் பண்பாடு என்றவுடன் வெள்ளையரையும் தமிழரையும் மட்டும் எண்ணுவது பிழை. 1745-இல், சம்பா கோயில் எனப்பட்ட தேவாலயத்தினுள் உயர்சாதிக் கிறிஸ்தவரையும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவர், பின்னவரின் முறையீட்டால் இடிக்கப்பட்டதையும், அதற்கு உயர்சாதியினர் கிளர்ந்ததையும் ரங்கப்பிள்ளை பதிவு செய்துள்ளார். ஒரே இறைவனை ஒரே மொழியில் வணங்கியோரிடையே நின்ற அச்சுவர், பெரிய வாய்க்காலைவிட ஆழமான எல்லையாக இருந்தது. தம் சாதியின் பார்வையிலிருந்தே அந்நிகழ்ச்சியை எழுதிய ரங்கப்பிள்ளையின் நாவும் எல்லோருக்குமான நாவு அன்று என்பதை மறைத்தல் தகாது.

தனி மனிதரின் நாவை நம்பியிருந்த இம்முறைக்குப் பக்கத்திலேயே நிறுவனம் ஒன்றும் வளர்ந்தது. அதுவே சாவடி வழக்குமன்றம். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடவும் அமைந்த பொதுக் கட்டடம். அங்கே தமிழரின் உரிமையியல் வழக்குகளைப் பிரெஞ்சு நீதிபதி ஒருவர் கேட்டு, சாதித் தலைவர்களையும் நடுவர்களையும் கலந்து, வழக்காற்றின்படி தீர்ப்பளித்தார். 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபின் மீண்டும் எழுந்த புதுச்சேரியில், 1766 முதல் 1817 வரையிலான அம்மன்றத்தின் தீர்ப்புகள் காக்கப்பட்டுள்ளன. கடன், பாகப்பிரிவினை, தத்து, விதவையின் சீவனாம்சம், சாதி மரியாதை ஆகியவையே அவற்றின் பொருள். அத்தீர்ப்புகளில் தொடர்ந்து தாங்கி நின்ற கருத்து மாமூல். அரபு மூலமுடைய இச்சொல்லுக்கு வழிவழியாக நடந்துவருவது என்று பொருள். பிரெஞ்சு வழக்கறிஞரும் அதனைத் தங்கள் மொழியில் அப்படியே எடுத்தாண்டனர். இன்றைய தமிழில் கையூட்டைக் குறிப்பதாக இழிந்துவிட்ட அச்சொல், ஒரு காலத்தில் அயலார் ஆட்சியில் குடிகளின் உரிமைக் கேடயமாக நின்றது என்பது எண்ணி வருந்தத்தக்கது.

சாவடி மன்றம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. 1819 சனவரி 6-ஆம் நாள் ஆணை, பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொணர்ந்தபோதும், இந்தியர் கிறிஸ்தவராயினும் முகம்மதியராயினும் இந்துவாயினும் தத்தம் சாதியின் சட்ட வழக்கங்களின்படியே முன்போல் தீர்ப்புப் பெறுவர் என்று உறுதியளித்தது. வழக்கம் எதுவென்று அறிய நீதிபதிகளுக்கு ஒரு வழி தேவைப்பட்டதால், 1827-இல் இந்திய வழக்காற்றுச் சட்ட ஆலோசனைக் குழு நிறுவப்பட்டது. ஒன்பது உள்ளூர்ப் பெரியோர் அதன் உறுப்பினர். நல்ல நோக்கமுடைய ஏற்பாடே அது. துபாசி ஒருவரின் நாவில் இருந்தது ஒன்பதின்மர் நாவுக்கு மாறியது. ஆனால் அவ்வொன்பதின்மரும் பெரும்பாலும் மேல்தட்டுச் சாதியினர். தங்கள் வீட்டு வழக்கத்தையே ஊர் வழக்கமாக எழுதித் தந்தனர். நெகிழ்ந்து மாறிவந்த வழக்காறு தாளில் ஏறிய பின் இறுகியது. பறையர் வழக்கமும் பட்டினவர் வழக்கமும் பெண்களின் வாய்மொழியும் அத்தாள்களில் எவ்வளவு இடம் பெற்றன என்று கேட்பவருக்குக் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதன்று.

வழக்காறு காப்பாக இல்லாமல் தளையாக மாறியதை நாட்டுக்குக் காட்டியவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் அவர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்தில் நுழைந்தபோது, இந்தியர் காலணியைக் கழற்றிவிட்டே வரவேண்டும் என்று நீதிபதி தடுத்தார். பெரியோர் முன் செருப்பைக் கழற்றுவது தமிழர் தாமே கடைப்பிடித்த மரியாதை; அம்மரியாதையை ஆட்சி தன் கையில் எடுத்து, அயலான் மட்டும் காலணியோடு அமரும் மன்றத்தில் கட்டாயமாக்கியபோது அது இழிவாகிவிட்டது. பொன்னுத்தம்பியார் பாரிசின் உச்ச மன்றம் வரை சென்று வென்றார். அடுத்து, 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, விரும்பும் இந்தியர் தம் சாதி வழக்காற்றைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. அவ்வாறு துறந்தோர் ரெனோன்சான் எனப்பட்டனர். அவர்கள் புதிய குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்க வேண்டும். முதலில் துறந்தோருள் ஒருவரான பொன்னுத்தம்பியார் ஏற்ற பெயர் லப்போர்த். பிரெஞ்சு மொழியில் வாசற்கதவு என்பது அதன் பொருள். முன்னோர் நகரின் வாசலைக் கடந்து வெளியே சென்று பெற்றதை, அவர் சட்டத்தின் வாசலைக் கடந்து உள்ளே சென்று பெற முயன்றார்.

அவ்வாசலுக்குள் நுழைந்தோர் சிலரே; அவர்களுள் கிறிஸ்தவர் மிகுதி, ஒடுக்கப்பட்ட சாதியினரும் உண்டு. நாடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் வழக்காற்றைக் காப்பதாகச் சொன்ன தரப்பு கடுமையாக எதிர்த்தது. 1884-இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பிரிவுகளைக் கடக்க வந்த ஏற்பாடு, புதியதொரு பிரிவைப் படைத்து முடிந்தது.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படி அது நிறைவுற்றது. இருந்தும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்ட இந்து திருமணச் சட்டத்தில், அச்சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்னும் விதி சேர்க்கப்பட்டது; 1881-இல் பாட்டனார் இட்ட கையெழுத்து இவ்வாறு பேரப்பிள்ளைகளின் திருமணத்தையும் தொடர்ந்து வந்தது.

மதிலும் வாசலும் மறைந்த பிறகும் கருவடிக்குப்பம் நகருக்கு வெளியே ஒதுங்க விரும்பியோரின் இடமாகவே இருந்தது. 1837-இல் அங்கே சமாதியடைந்த சித்தானந்த சுவாமிகளின் கோயிலுக்கு, பிரிட்டிஷ் காவலுக்குத் தப்பி 1908-இல் புதுச்சேரி வந்த பாரதி சென்று வந்தார். அதனைப் பாடவும் செய்தார். குயில் பாட்டோடு இணைத்துப் பேசப்படும் தோப்பும் அவ்வூரைச் சேர்ந்ததே.  1910-இல் வந்து சேர்ந்த வங்காளத்து அரவிந்தரோடும் திருச்சி வ.வே.சு. அய்யரோடும் அவர் உரையாடிய நகரில், ஆங்கிலம் அன்று பழைய போர்த்துக்கேயத்தின் இடத்தைப் பிடித்திருந்தது. கருவடிக்குப்பத்திற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், 1968 பிப்ரவரி 28-ஆம் நாள் 124 நாடுகளின் மண்ணைக் கலசத்தில் இட்டுத் தொடங்கப்பட்ட ஆரோவில், தமிழையும் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் சமஸ்கிருதத்தையும் தன் மொழிகளாக ஏற்றது. அதனைச் சூழ்ந்த ஊர்களில் ஒன்றின் பெயரில் சாவடி என்னும் பழைய சொல் இன்னும் நிற்கிறது: இடையஞ்சாவடி. நிலத்துக்கும் வேலைக்கும் வழிக்கும் எழும் வழக்குகளில், குடியேறியவரின் சொல்லை ஊராருக்கும் ஊராரின் சொல்லைக் குடியேறியவருக்கும் எடுத்துச்சொல்லும் பணி, துபாசி என்னும் பட்டமின்றி, இரு மொழியும் அறிந்த உள்ளூர் மக்களிடமே இன்றும் இருக்கிறது.